ஐம்பது வியாழக்கிழமைகள்

புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, வானிலை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நாளைய தினம் ஐம்பது துண்டுகளாக அச்சுப்பொறியிலிருந்து இறங்கியது.

ஏழு வருடமாகப் பார்க்கிறாள், அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை. இந்த நிமிடத்துக் காற்றை ஒருவராலும் முழுசாக அளந்துவிட முடியாது என்பதால், கணினி ஒரே கணக்கை ஐம்பது தடவை போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் எதையாவது துளி மாற்றிக்கொள்ளும். இங்கே அரை டிகிரி வெப்பம் கூடுதல், அங்கே காற்று ஒரு நூல் விலகல். விடை ஐம்பது விதமாக வரும். தபால்தலை அளவில் ஐம்பது வரைபடங்கள், வரிசைக்குப் பத்து வீதம் ஐந்து வரிசை, ஒவ்வொன்றும் ஒரு வியாழக்கிழமை. மழை விழும் இடத்தில் நீலம் தீற்றியிருக்கும். எத்தனை படங்களில் அந்த நீலம் ஊரின் மேல் விழுந்திருக்கிறது என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவது அவள் வேலை.

எண்ணும்போது அவள் கொஞ்சம் தொலைந்துபோவாள். மற்றவர்களுக்கு அவை வரைபடங்கள், அவளுக்கு ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலில் ஊர் வெயிலில் காய்கிறது, ஏதோ ஒரு மாடியில் யாரோ போர்வையை உதறுகிறார்கள். நான்காவதில் பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் ஒரே கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் செருப்பைக் கையில் பிடித்திருப்பவள் அவள் ஜாடையிலேயே இருக்கிறாள். ஐந்தாவதில் மறுபடி வெயில். ஐம்பதில் ஏதோ ஒன்றின் மாதிரிதான் நிஜம் நடக்கப்போகிறது. மீதி நாற்பத்தொன்பதும் எங்கே போய்ச் சேரும் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இரண்டு நாள் விடுப்பில் போய்த் தூங்கச் சொல்வார்கள்.

இருபதில் நீலம். ஐம்பதுக்கு இருபது, நூற்றுக்கு நாற்பது.

பென்சிலைக் கீழே வைத்தவள் எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபதேதான். இரண்டு தடவை எண்ணக் காரணம் இருந்தது. நாளைக்கு அக்கா வீட்டில் கூரையைப் பிரிக்கிறார்கள்.

வீடு முழுவதும் இல்லை. முன்பக்கமெல்லாம் கான்கிரீட். பின்பக்கம், குளியலறையை ஒட்டி இழுத்துக் கட்டிய ஓர் அறைக்கு மட்டும் தகரக் கூரை, அதில்தான் அப்பா இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு இடுப்பு முறிந்து உள்ளே கம்பி வைத்ததிலிருந்து மனிதர் கட்டிலோடு கட்டில். போன வருடம் ஒழுகும் தகரத்துக்குக் கீழே ஒரு ராத்திரி நனைந்ததில் நெஞ்சில் சளி கட்டி, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை இப்படி நனைந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையைக் கழுவித்தான் அனுப்பினார். அந்தத் தகரம் இப்போது சல்லடை. மழைக்காலத்துக்கு முழுசாகப் பதினைந்து நாள் இல்லை. கூரைக்காரர் ஒதுக்கியிருந்தது ஒன்றரை நாள், வியாழன் முழுவதும், வெள்ளி மதியம் வரை. பிறகு எங்கோ ஒரு கிடங்குக்குக் கூரை போட ஆட்களோடு கிளம்பினால் மூன்று மாதத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாற்பது என்றால் அப்பாவை நாளைக்கு முழுவதும் முன்னறையிலேயே வைத்திருக்க வேண்டும். பத்து என்றால் அவர் இஷ்டம். இதற்காகத்தான் அக்கா காலையிலிருந்து மூன்று தடவை, "எவ்வளவு?" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பியிருந்தாள்.

பக்கத்து மேசைக்காரன் சுவரில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தான். நாள் முழுவதும் ரேடார் திரையைப் பார்ப்பதால் அவனுக்கு ரேடார் என்றே பெயராகிவிட்டது. மாதக் கடைசியில் ஒரு படம் போடுவது அவன் வேலை. முப்பது என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவற்றில் நூற்றுக்கு முப்பது நாள் மழை பெய்திருக்க வேண்டும். எழுபது என்ற நாட்களில் நூற்றுக்கு எழுபது. ஒரு நாளை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. முந்நூறு நாளைக் கூட்டி வைத்தால் பிடித்துவிடலாம். சரியாகச் சொல்பவர்களின் புள்ளிகள் ஒரு சாய்ந்த கோட்டின் மேல் உட்காரும். அவளுடைய புள்ளிகள் கம்பியில் குருவிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"உன் கோட்டைப் பாத்தாலே எரிச்சலா இருக்கு," என்றான் ரேடார். "ஒரு நாளாவது பயந்துபோய் அஞ்சு பத்து கூட்டிப் போடேன். நாங்கல்லாம் போடலையா?"

"நான் வீட்டுல கூட்டிப் போடறேன்," என்றாள்.

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அது காதில் விழுந்தது.

மூன்று வருடம் முன்பு ஒரு காலையில் அக்கா கேட்டாள், மாடியில் துணி காயப்போடலாமா என்று. அக்காவுக்குத் தையல் தொழில். ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்காக அறுபது வெள்ளை அங்கிகள் தைத்து அலசி வைத்திருந்தாள், ஒவ்வொன்றிலும் விளிம்பில் சிவப்புப் பட்டி. இவள், "பத்துதான், தைரியமாப் போடு," என்றாள். பதினோரு மணிக்குப் பிடித்துக்கொண்டது. சிவப்பெல்லாம் வெள்ளையில் இறங்கி, அறுபது அங்கியும் காயம்பட்ட மாதிரி கொடியில் தொங்கின. பத்து என்றால் பத்தில் ஒரு தடவை இப்படி நடக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா இரண்டு வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம். அலுவலகத்தில் இருபது என்று எழுதிவிட்டு வீட்டுக்கு நாற்பது என்பாள். அங்கே முப்பது, இங்கே அறுபது. குடையைத் தூக்கிக்கொண்டு போய் மழை வராவிட்டால் யாரும் திட்டுவதில்லை, தூக்காமல் போய் வந்தால்தான் திட்டு. பாசத்தில் ஒரு கரண்டி கூடப் பரிமாறுவது போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று புதன்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு, அலைபேசியில் பின்னால் போய்ப்போய், வீட்டுக்கு அனுப்பிய எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அந்த நாட்களில் மழை பெய்ததா என்று பதிவேட்டைப் பார்த்துக் குறித்தாள். பிறகு ரேடார் போடுவது போலவே ஒரு படம். ஐம்பது என்று சொன்ன நாட்களில் நூற்றுக்கு இருபத்தாறுதான் பெய்திருந்தது. அறுபது என்றவற்றில் முப்பத்தொன்று. குருவிகள் எல்லாம் கம்பியை விட்டு விழுந்து, கீழே தரையில் கிடந்தன.

ஊருக்கு உண்மை, வீட்டுக்குப் பொய். அதுவும் பார்த்துப் பார்த்துச் சொன்ன பொய்.

அலைபேசியில் "நாளைக்கு" என்று தட்டிவிட்டு விரல் நின்றது. பழக்கம் எண்பது என்றது. அவள் நாற்பது என்று எழுதி அனுப்பினாள்.

"சரி," என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா அலைபேசியில் கூப்பிட்டார்.

"சதவீதம், எங்கே இருக்கே?"

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அக்கா புருஷன் வைத்தது.

"ஆபீஸ்லப்பா. நீங்க?"

"என் கட்டில்ல."

"முன்னறையில இல்லையா?"

"காலையில ஆறு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போய் அங்கதான் போட்டாங்க. துணித் தூசி, இருமல் நிக்கலே. தகரத்தைக் கழட்டின உடனே திரும்பக் கொண்டு வந்து போடுங்கடான்னுட்டேன். இடுப்பு கொஞ்சம் கத்திச்சு. கத்தட்டும்." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "மேல ஒண்ணுமே இல்லம்மா. ஒரு பருந்து போகுது. ரொம்ப நேரமாப் போகுது, இறக்கையே அடிக்கலே."

அப்பா முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் நின்றபடி மேலும் கீழுமாகவே வாழ்க்கை போனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு.

"பதினாலாவது மாடிக்கு மேல பட்டனே கிடையாது," என்றார் அப்பா. "இன்னிக்குப் படுத்துக்கிட்டே தாண்டிட்டேன்."

அவளுக்கு அந்த இடம் தெரிந்தது. நான்கு சுவர், நடுவில் ஒரு கட்டில், சுவரில் ஆணியில் மாட்டிய சட்டை, மேலே முடிவே இல்லாத பகல். கட்டில் மெதுவாக உயர்வது போலவும் அப்பா ஒவ்வொரு மாடியாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவது போலவும் ஒரு நினைப்பு ஓடியது. அதை ஒதுக்கிவிட்டு, "அக்காகிட்ட குடுங்கப்பா," என்றாள்.

"சொல்லு," என்றாள் அக்கா. பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பேச வாய் போதும், கை நிற்காது.

"நாற்பதுன்னு அனுப்பினேனே அக்கா. அப்பாவை ஏன் திரும்ப அங்க போட்டே?"

"நாற்பதுன்னா இருபதுதானே."

"என்னது?"

"உன் நாற்பது இருபதுதானேடி. எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா நீ சொல்றதைப் பாதியாக்கிட்டுத்தான் நான் துணி காயப்போடறேன். ஒரு தடவை கூட மோசம் போகலே. உங்க மாமாதான் கண்டுபிடிச்சார்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. அவர் பேருந்து ஓட்டுநர், கூரை வேலைக்காக விடுப்பில் இருந்தார். "என் பஸ்ல வேகம் காட்டற முள்ளு எப்பவும் பத்து கூட்டித்தான் காட்டும். அதுக்காக முள்ளைக் கோவிச்சுக்க முடியுமா? கழிச்சுக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான்."

இந்தத் தடவை கூட்டவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்வதென்றால் மற்ற இருநூற்றுப் பன்னிரண்டையும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு முன்பே தெரியும் என்பது வேறு கூச்சமாக இருந்தது. "ஓ," என்றாள். "சரி, பாத்துக்கோ." அறுபது நம் பக்கம்தானே இருக்கிறது என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு அலைபேசியை வைத்தாள்.

பன்னிரண்டே முக்கால் வரை அந்த அறுபது கூடவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் தூங்கி வழிந்தது. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் மேகங்கள் ஒன்றை ஒன்று முந்தாமல், வரிசையில் நிற்பவர்கள் போல நகர்ந்தன.

"உங்க அக்கா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே?" என்றான் ரேடார். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "இங்க வா."

திரையில், தென்மேற்கில், அரை மணி நேரம் முன்பு இல்லாத ஒன்று இருந்தது. பச்சைக்கு நடுவில் மஞ்சள், மஞ்சளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை புதுப்பிக்கும்போதெல்லாம் பொட்டு கொஞ்சம் வளர்ந்து, கொஞ்சம் நெருங்கியது.

"ரெண்டரை மணிக்கு ஆத்துகிட்ட வந்துடும்," என்றாள்.

"வந்தா. எவ்வளவு சொல்றே?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதே மாதிரி, இதே மாதத்தில், இதே காற்றில் அவள் பார்த்த பொட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. ஆற்றைத் தாண்டியவை, ஆற்றங்கரையிலேயே செத்துப்போனவை.

"எழுபது."

"நான் அறுபத்தஞ்சுன்னு இருந்தேன். சரி, எழுபதே இருக்கட்டும்."

அலைபேசியை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுபது என்று சொன்னால் அங்கே முப்பத்தைந்து என்று போய்ச் சேரும். முப்பத்தைந்துக்கு அக்கா வேலையை நிறுத்த மாட்டாள். நூறு என்று சொன்னால் கூட ஐம்பதுதான். எழுபது என்பது எழுபதாகவே போய்ச் சேர வேண்டுமானால் நூற்று நாற்பது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு எண் மழைக்குக் கிடையாது. மூன்று வருடம் ஒரு கரண்டி ஒரு கரண்டியாகக் கூட்டியதில், சொல்ல வேண்டிய நாளில் சொல்ல எண்ணே மிச்சமில்லை.

ஒரு வழி இருந்தது. இங்கே ஏற்கெனவே கொட்டுகிறது, உங்கள் தெருவுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்று புளுகிவிடலாம். அப்பா நனைய மாட்டார். அடுத்த தடவை அக்கா கால்வாசியாக்குவாள், அவ்வளவுதான்.

அக்காவின் எண்ணைத் தட்டினாள். அங்கே மணி இரண்டு தடவை அடித்தது.

"அக்கா, நான் சொல்றதை முழுசாக் கேளு. ரெண்டரை மணிக்கு அங்க மழைக்கு எழுபது. இது கூட்டாத எழுபது. நேத்து சொன்ன நாற்பதும் கூட்டாததுதான். அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் கூட்டினது. காலையிலேயே சொல்லியிருக்கணும், வாய் வரலே. பாதியாக்காதே."

தையல் இயந்திரம் நின்றது. அவளுக்கு நினைவு தெரிந்து, பேச்சுக்கு நடுவில் அது நின்றதில்லை.

"பெய்யுமா பெய்யாதா? ஒண்ணு சொல்லு."

"அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இதே மாதிரி பத்து நாள் இருந்தா ஏழுல பெய்யும், மூணுல பெய்யாது."

"கூரைக்கு இரும்புச் சட்டத்தை ஒட்டிக்கிட்டு இருக்காங்க. நாலு மணிக்குத் தூக்கி வைக்கணும். இப்ப நிறுத்தி தார்ப்பாய் கட்டினா இன்னிக்குத் தூக்க முடியாது. நாளைக்கு மதியம் வரைக்கும்தான் அந்த ஆள் இருப்பார். அதுக்குள்ள ஏறலேன்னா மூணு மாசம் அப்பா தார்ப்பாய்க்குக் கீழதான். முன்னறைக்குக் கொண்டு போகலாம்னா இன்னொரு தடவை தூக்க விட மாட்டேங்கறார். காலையில தூக்கினதுக்கே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தார், உன்கிட்ட பருந்து பருந்துன்னு பேசினாரே தவிர."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

எங்கோ இரும்பில் சுத்தியல் விழும் சத்தம், பிறகு அதுவும் நின்றது.

"ஏன்டி இத்தனை நாள் கூட்டினே?"

"ரெண்டு வாரம் பேசாம இருந்தியே."

அக்கா மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "போனை வை. கட்டச் சொல்றேன்," என்றாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. இருவரும் திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மேசை, நாற்காலி எல்லாம் கரைந்து, பத்து ஜன்னல்கள் மட்டும் வரிசையாக நின்றன. முதல் ஏழில் நீல நிறத் தார்ப்பாய் மேல் மழை முரசு கொட்டுகிறது. அப்பா கீழே படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார், உடம்பில் ஒரு சொட்டு இல்லை. எட்டாவது ஜன்னலுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு இருபதுக்குப் பொட்டு ஆற்றுக்கு வந்தது. இரண்டு முப்பதுக்கு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி வடக்கே திரும்பி, ஒருவருக்கும் தேவையில்லாத ஏரியின் மேல் போய்க் கொட்டியது. மறு பாதி சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையாகி, மூன்று மணிக்கு, சோப்பு நுரை வற்றுவது போலத் திரையிலிருந்து வற்றிப்போனது.

"நீ சொன்னதுல தப்பில்ல," என்றான் ரேடார்.

"தெரியும்."

"பெய்யாத மூணும் அந்த எழுபதுக்குள்ள சேத்திதான்."

"தெரியும்பா. உங்க அக்காவா இருந்தா இப்படித்தான் சொல்லுவியா?"

"எனக்கு அக்கா இல்லே," என்றான், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.

மறுநாளுக்கான ஐம்பது படங்களை எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலோர இருக்கையில் தலையைச் சாய்த்தால் ஊர் உலர்ந்துபோய்ப் பளிச்சென்று இருந்தது. அந்த ஏழு வியாழக்கிழமைகளும் இந்நேரம் எங்கேயோ நடந்துகொண்டுதான் இருக்கும். அவற்றில் ஒன்றில் இதே பேருந்தின் கண்ணாடியில் நீர் ஓடுகிறது, துடைப்பான் அசைகிறது, இதே இருக்கையில் உட்கார்ந்திருப்பவள் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகிறாள். அந்த ஒருத்தியும் இதே எண்ணைத்தான் சொன்னாள். அவளுக்கு மட்டும் கதவைத் திறந்ததும் கையில் சூடாக ஏதாவது கொடுப்பார்கள். இவளுக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

கூரைக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது, மீசையெல்லாம் துரு.

"வாங்கம்மா. எழுபது மழைன்னதும் கழுத்து வரைக்கும் வரும்னு நினைச்சேன். கணுக்கால் கூட நனையலே. என் ஆளுங்க ஆறு பேரும் தார்ப்பாய் கட்டிட்டு, உங்க அக்கா வீட்டுப் படியில உக்காந்து வானத்தைப் பாத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சாம்."

"சட்டம் எங்க நிக்குதுங்க?"

"ஒட்டி முடிச்சாச்சு. மூணு மணிக்கு மேல மறுபடி ஆரம்பிச்சோம். தூக்கறதுதான் பாக்கி. இந்த வெளிச்சத்துல தூக்க மாட்டேன்."

அக்கா இயந்திரத்தின் முன் இருந்தாள். நிமிரவில்லை. ஒரு நீளத் தையலை அந்தக் கோடி வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்தாள்.

"பெய்யலே," என்றாள்.

"ஆமா."

"நாலு மணி வரைக்கும் உன்னைத் திட்டறதுக்கு வாய் நிறைய வெச்சிருந்தேன். மூணு மாசத்துக்கு ஆகிற அளவு."

"திட்டு."

"எங்க திட்டறது? மூணு பெய்யாதுன்னு நீயே சொல்லித் தொலைச்சிட்டே. சொல்லிட்டுச் செஞ்சவளை எதைப் பிடிச்சுத் திட்டறது?" அக்கா துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "அறுபது அங்கிக்காகப் பேசாம இருந்தேனே, அப்பவும் நீ பத்துன்னுதான் சொன்னே. பூஜ்யம்னு சொல்லலே."

அவள் அந்தத் துணியை வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு எவ்வளவு?" என்றாள் அக்கா.

"பதினஞ்சு. அதுவும் மத்தியானத்துக்கு மேலதான். காலையில ரொம்பக் கம்மி."

"அப்போ ஏழரை," என்றார் மாமா, அடுத்த அறையிலிருந்து, பழக்கதோஷத்தில்.

"பாதியாக்காதீங்க," என்றாள் அக்கா. "பதினஞ்சுன்னா பதினஞ்சு." எழுந்து வாசலுக்குப் போனாள். "அண்ணே, எட்டு மணி கதையெல்லாம் வேண்டாம். விடியும்போதே வந்துடுங்க. பத்துக்குள்ள ஏத்திடணும்."

"அஞ்சரைக்கா? என் ஆளுங்க என்னை அடிப்பாங்க."

"அடிக்கட்டும், நான் மருந்து போடறேன். வந்துடுங்க."

கூரைக்காரர் மீசையைத் தடவினார். வருவதாகத்தான் அர்த்தம்.

பின்னறையில் அப்பா தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே எல்லாம் நீலமாக, ஆழத்தில் இருப்பது போல இருந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை.

"வந்தியா? இதுவும் நீலம்தான்," என்றார் தார்ப்பாயைக் காட்டி. "ஆனா உள்ள போக முடியலே. முட்டுது."

"நாளைக்குக் காலையில கூரை ஏறிடும்பா."

"அதனாலதான் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள்தானே மிச்சம். இதைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லு."

"நடுவுல மழை வந்தா?"

"வருமா?"

"அஞ்சு. ராத்திரி முழுக்கச் சேத்து."

"அஞ்சா," என்றார் அப்பா. "அஞ்சுக்கு ஒரு ஏற்பாடு பண்ணினாப் போதுமே. எதுக்கு நூறுக்கும் மூடணும்?"

கூரைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சலித்துக்கொண்டே சுவரில் ஏறி, தார்ப்பாயின் ஒரு பாதியைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டினார். சுருளின் இரு முனையிலும் கயிறு கட்டி, எதிர்ச் சுவரின் வளையத்தில் கோத்து, இரண்டையும் ஒன்றாக முடிந்து கீழே தொங்கவிட்டார். இழுத்தால் சுருள் பிரிந்து ஓடி வந்து மூடிக்கொள்ளும். மாமா இழுத்துப் பார்த்தார், மூடியது. மறுபடி சுருட்டினார்கள்.

"கயித்தை இந்த ஆணியில மாட்டிடறேன்," என்றார் கூரைக்காரர். "மழை வந்தா யாராவது வந்து இழுத்துக்கோங்க."

"என் கையில குடு," என்றார் அப்பா. "என் மூஞ்சிலதானே முதல் சொட்டு விழும். நான் இழுத்துக்கிறேன்."

கயிறு அப்பாவின் கைக்கு வந்தது. லிஃப்டின் கதவுப் பிடியைப் பிடித்தது போல அதைப் பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் பாதி விலகிய இடத்தில் வானம் இன்னும் முழுசாக இருட்டாமல், சாம்பலும் ஊதாவுமாக இறங்கி, அறைச் சுவர்கள் வரை வந்து நின்றது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்தாள். ஒரு ஜன்னல்தான் இருந்தது. வரிசை இல்லை, எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

அக்கா ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கையில் துணியோ ஊசியோ இல்லை.

வெகுநேரம் கழித்து, "இப்போ எவ்வளவு?" என்றார் அப்பா.

அவள் பார்த்தாள். கிழக்கே ஒரே ஒரு மேகம், உதறிப் போட்ட பஞ்சு அளவில், எங்கும் போகிற உத்தேசம் இல்லாமல் கிடந்தது.

"ரெண்டு," என்றாள்.

அப்பா கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டார்.